இடுப்பளவுத் தண்ணீரில் பேடில் போர்டு

பேடில் போர்டில், அதாவது நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் மிதவைப் பலகையில், ஏறி நின்று ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு வந்தால் படம் நன்றாக வரும். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் சேராது. மூச்சு வாங்க வேண்டும், விலாப்பக்கம் இறுக வேண்டும், மறுநாள் காலை முதுகுச் சதை லேசாக வலிக்க வேண்டும். அதற்காகக் கடலுக்குள் ஒரு கிலோமீட்டர் போக வேண்டிய அவசியமும் இல்லை. ராமநாதபுரம் கரையில், குறிப்பாக அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம், கரையை விட்டு வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அந்தத் தண்ணீரில் கரையை ஒட்டியே 200 மீட்டர் போவதும் திரும்புவதும்தான் பயிற்சி. ஜிம்முக்குப் போகிற மாதிரி இதையும் அலுப்பாக, அதே இடத்தில், வாரத்துக்கு மூன்று முறை செய்தால்தான் பலன்.

போர்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது காற்று. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். மண்டபம் நோக்கி நீளும் நிலத்துண்டுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தென்கடல் கலங்கி அலையடித்துக் கிடக்கும். அதே நாளில் அரியமானில் வடகடல் சுருக்கமே இல்லாமல் கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்ததும் போர்டை இறக்குவது அங்கேதான். உண்மையில் அன்றைக்கு ஆபத்தான கடல் அதுதான். தண்ணீர் அப்படிக் கிடப்பதற்குக் காரணமே காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிப்பது. கரையோரத்து மரங்கள் காற்றை மறைத்துக்கொள்வதால் முதல் நூறு மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தாண்டியதும் முதுகில் காற்று பிடிக்கும், போர்டு தானாகப் போகும், சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் கணக்கு புரியும். போர்டில் நிமிர்ந்து நிற்கிற ஆள் காற்றுக்கு ஒரு பாய்மரம். 15 நாட் காற்று என்றால் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். புதிதாகப் பழகுகிறவர் துடுப்புப் போட்டு எட்டும் வேகம் மணிக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர்.

வாடைக்காலத்தில் இது தலைகீழ். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வடகடல் முகத்தில் அடிக்கும், தென்கடல் சமர்த்தாகக் கிடக்கும், காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே எந்தக் கரை என்று முடிவு செய்ய அலையைப் பார்க்காதீர்கள். தண்ணீர் விளிம்பில் நின்று ஒரு பிடி காய்ந்த மணலைத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் அன்றைக்கு அந்தக் கரை வேண்டாம். கரைப் பக்கம் பறந்தால், அல்லது கரையை ஒட்டிப் பக்கவாட்டில் போனால், இறங்கலாம். உச்சிப்புளியிலிருந்து வடக்கே அரியமானுக்கும் தெற்கே புதுமடத்துக்கும் வண்டியில் கொஞ்ச நேரம்தான், கரையை மாற்றிக்கொள்வது பெரிய வேலை இல்லை. காற்றின் வேகம் 8 நாட் அளவைத் தாண்டினால் புதியவர்கள் காத்திருப்பது நல்லது.

காற்று மாறும் இடைக்காலங்களான மார்ச், ஏப்ரலும், மழை பிடிப்பதற்கு முந்தைய அக்டோபர் நாட்களும்தான் பழகத் தோதானவை. எந்த மாதமானாலும் விடிந்ததும் இறங்கி எட்டரைக்குள் கரையேறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் காற்றும் ஏறும், வெயிலும் ஏறும். முந்தின இரவே இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலை மையத்தின் காற்று எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். தென்கடலில் இறங்குகிறவர்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கையும் முக்கியம். கள்ளக்கடல் வந்தால் காற்றே இல்லாத நாளிலும் அலை எழும்பி வரும். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், அது 1-ம் எண்ணாக இருந்தாலும், போர்டைப் பையை விட்டு எடுக்க வேண்டாம்.

பாம்பன் பாலத்தடியில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வேகமாக ஓடும், தூண்கள் வேறு; அங்கே போகாதீர்கள். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கிற இடத்தில் குளிக்கவே இறங்கக் கூடாது, போர்டு பேச்சுக்கே இடமில்லை. குருசடை உள்ளிட்ட 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் ஏறுவது குற்றம். நிழலான, அலையில்லாத தண்ணீரில் துடுப்புப் போட்டுப் பார்க்க ஆசை என்றால் தொண்டி அருகே காரங்காட்டில் வனத்துறை நடத்தும் கயாக் சவாரிக்குப் போகலாம். அலையாத்திக் காட்டு வாய்க்கால், உட்கார்ந்து போடும் துடுப்பு. தோள் அசைவு பழக அது நல்ல தொடக்கம்.

போர்டுக்கு வருவோம். பயிற்சிக்கு, காற்றடிக்கும் ரகத்தில் 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குல கனம் போதும். வாங்கும்போது போர்டின் கன அளவு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். புதியவருக்கு உடல் எடையைப் போல இரண்டு மடங்கு லிட்டர் என்பது கைக்கணக்கு. 80 கிலோ ஆளுக்கு 160 லிட்டருக்குக் குறைந்தால் போர்டு அமுங்கி, கால் நனைந்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஆடும்.

பெரும்பாலான போர்டுகள் 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கேட்கும். வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கைப் பம்பின் முள் முதல் ஐந்தாறு பிஎஸ்ஐ வரை அசையாது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. 8 பிஎஸ்ஐயில் தண்ணீரில் இறக்கினால் நடுவில் தொய்ந்து, நிற்கவே முடியாமல், குறை தங்கள் பேலன்ஸில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடிக்கும் முன் வால்வுக்குள் பாருங்கள். நடுவில் உள்ள ஸ்பிரிங் முள் மேலே எழும்பி நிற்க வேண்டும். உள்ளே அழுந்தியிருந்தால், குழாயைக் கழற்றிய நொடியில் அத்தனை காற்றும் புஸ்ஸென்று போய்விடும். அங்கே இரண்டு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் மெல்லக் கசியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள். முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல், உடம்பு எடையைக் கொடுத்து அடித்தால் இந்தப் பத்து நிமிடமே வார்ம்-அப்.

ஃபின், அதாவது போர்டின் அடியில் வால் பக்கம் மாட்டும் மீன் துடுப்பு போன்ற தகடு, பற்றிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று: போர்டோடு வரும் 9 அங்குல ஃபின் வடகடலுக்குச் சரிப்படாது. கரையோரம் கடல்புல் அடர்ந்திருக்கும். செங்குத்தான ஃபினில் புல் சுற்றிக்கொண்டு போர்டு கனத்துப் போகும், ஒரு பக்கமாக இழுக்கும். மேடான மணல் திட்டில் ஃபின் குத்தினால் போர்டு சட்டென்று நிற்கும், ஆள் நிற்க மாட்டார். முகம் குப்புற விழுவது பெரும்பாலும் இதனால்தான். 4 முதல் 6 அங்குலத்தில், பின்னால் சாய்ந்த ஃபின் ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள். தொடையளவுக்குக் குறைந்த தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள்.

துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தோடு 20 முதல் 25 சென்டிமீட்டர். கூடுதலாக இருந்தால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு வலிக்கும். துடுப்பின் தகடு கம்பிலிருந்து லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு முன்பக்கம் பார்க்க வேண்டும். கரண்டியால் அள்ளுகிற ஞாபகத்தில் முக்கால்வாசிப் பேர் திருப்பித்தான் பிடிப்பார்கள். கை அகலம் தெரிய, துடுப்பைத் தலைமேல் வைத்துப் பிடியுங்கள். இரண்டு முழங்கையும் செங்கோணத்தில் மடங்கும் இடம் சரி.

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள், நீச்சல் வீரராக இருந்தாலும். லீஷ், அதாவது காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு, காற்றில் போர்டு ஓடிப்போகாமல் காக்கும். விழுந்தவரை விடப் போர்டு வேகமாகப் போகும். தூண், வலை, நீவாடு உள்ள இடத்தில் கணுக்கால் லீஷ் மாட்டிக்கொண்டால் குனிந்து அவிழ்க்க முடியாது. இந்தக் கரையில் வலை இல்லாத இடம் குறைவு. அதனால் ஒரே இழுப்பில் கழலும் இடுப்பு பெல்ட் லீஷே வாங்குங்கள். போனை நீர்புகா உறையில் போட்டு உடம்போடு கட்டுங்கள், போர்டில் வைக்காதீர்கள். கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554.

ஏறுவது எளிது. இடுப்பளவுத் தண்ணீரில் போர்டின் நடுக் கைப்பிடிக்கு நேராக நின்று, முதலில் முழங்காலிட்டு ஏறுங்கள். முழங்காலிலேயே பத்து நிமிடம் துடுப்புப் போடலாம். காற்று எழும்பினால் திரும்பி வருவதற்கும் இந்த நிலைதான் உதவும். பிறகு துடுப்பைக் குறுக்கே வைத்து ஒவ்வொரு பாதமாக ஊன்றி எழுங்கள். பாதங்கள் கைப்பிடிக்கு இருபுறமும், தோள் அகலத்தில், விரல்கள் முன்னோக்கி. முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பார்வை காலுக்குப் போனால் விழுவீர்கள். தூரத்தில் ஒரு வத்தைப் படகையோ பனையையோ பாருங்கள். விழும்போது போர்டை விட்டு விலகி, பக்கவாட்டில், படுத்தாற்போல் விழுங்கள். தலையைக் கொடுத்துப் பாய்வது இந்த ஆழத்தில் கழுத்தெலும்புக்கு ஆபத்து.

கட்டுமரத்திலும் தெர்மாக்கோல் தெப்பத்திலும் துடுப்புப் போடுகிற பாம்பன் பக்கத்து மீனவரைக் கவனியுங்கள். அவர் கை அவ்வளவாக மடங்காது. தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும். உடற்பயிற்சியின் சூட்சுமம் முழுக்க அதில்தான் இருக்கிறது. வலப்பக்கம் போடும்போது இடக்கை மேலே பிடியில், வலக்கை கீழே கம்பில். வலத் தோளை முன்னே திருப்பி, பாதத்துக்கு இரண்டடி முன்னால் தகட்டை இறக்குங்கள். தகடு முழுக்க மூழ்கும்வரை இழுக்கக் கூடாது. மூழ்கியதும், தண்ணீரைப் பின்னே தள்ளுவதாக நினைக்காமல், நட்டு வைத்த துடுப்பை நோக்கிப் போர்டை இழுப்பதாக நினைத்து உடம்பைத் திருப்புங்கள். மேல்கை கீழே அழுத்தட்டும். தகடு கணுக்காலுக்கு நேராக வந்ததும் பக்கவாட்டில் எடுத்துவிடுங்கள்.

தவறு எங்கே என்று சத்தமே சொல்லும். இறக்கும்போது களக்கென்று ஒலித்துக் குமிழி கிளம்பினால் தகடு மூழ்கும் முன் இழுக்கிறீர்கள். எடுக்கும்போது பின்னால் தண்ணீர் தெறித்தால் பாதத்தைத் தாண்டி இழுக்கிறீர்கள். அங்கே போர்டு முன்னேறாது, வால்தான் அமுங்கும். நாலு துடுப்புக்குள் போர்டு எதிர்ப்பக்கம் வளைந்தால் கம்பு சாய்ந்திருக்கிறது. மேல்கை நெஞ்சுக்கு நேரே நிற்கிறது என்று அர்த்தம். அதைப் போர்டின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனால் கம்பு செங்குத்தாகும், போர்டு நேராகும். மறுநாள் முன்கையும் புஜமும் மட்டும் வலித்தால் கையால் இழுத்திருக்கிறீர்கள். விலாவும் முதுகும் வலித்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

பாதம் மரத்துப்போவது அநேகமாக எல்லோருக்கும் வரும். பயத்தில் கால்விரல்கள் போர்டைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். விரல்களை வேண்டுமென்றே தூக்கி விடுங்கள், நின்ற இடத்தில் குதிகாலை மாற்றி மாற்றி எடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழங்காலிடுங்கள். இடுப்பு வலித்தால் முழங்காலை விறைத்து நிற்கிறீர்கள்.

பயிற்சித் திட்டம் சுருக்கமாக. முதல் இரண்டு வாரம் அரை மணி நேரம், அதில் பாதி முழங்காலில். மூன்றாவது, நான்காவது வாரத்தில் 200 மீட்டர் போய்த் திரும்புவது, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி. மொத்தம் 40 நிமிடம். ஐந்தாவது வாரத்திலிருந்து 10 நிமிடம் மெதுவாக, பிறகு ஒரு நிமிடம் முழு மூச்சாக ஒரு நிமிடம் நிதானமாக என்று 8 சுற்று, பின் 10 நிமிடம் ஒரே சீராக, கடைசி 5 நிமிடம் தளர்வாக. வேகமான நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியக் கூடாது. சீரான பகுதியில் பேசலாம், பாட முடியாது. ஐந்தாறு துடுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். காற்று பக்கவாட்டில் இருந்தால் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு அது உங்களைத் திருப்பிக் கொண்டுவரட்டும். முன்னேற்றத்தை அளக்க வாட்ச் வேண்டாம்: அதே 200 மீட்டரைக் குறைந்த துடுப்பில் கடந்தால் தேறியிருக்கிறீர்கள்.

ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர்களை வாரத்துக்கு 3 முறை, ஒரு மணி நேரம் வீதம், 6 வாரம் போர்டில் பழக்கினார்கள். மூச்சுத்திறனும் நடு உடம்பின் வலுவும் தெளிவாகக் கூடின. எல்லோரும் எதிர்பார்க்கும் பேலன்ஸ், கருவியில் அளந்தபோது, குறிப்பிடும்படி கூடவில்லை. போர்டில் நிற்கப் பழகுவது போர்டில் நிற்கத்தான் உதவுகிறது போலிருக்கிறது. வயதானவர்கள் தடுக்கி விழாமல் இருக்க வேண்டும் என்று இதை ஆரம்பித்தால், வீட்டில் சுவரோரம் ஒற்றைக்காலில் நிற்பதையும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதையும் சேர்த்துச் செய்யட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் சொல்கிறது. மூன்று நாள் 50 நிமிடம் போட்டால் முதல் கணக்கு தேறும். காலுக்குத் தனியாக ஸ்குவாட் போட வேண்டும், போர்டு தொடையைப் பெரிதாக வேலை வாங்காது. எடை குறையுமா என்று கேட்பார்கள். கரையேறியதும் பரோட்டாக் கடைக்குப் போகாவிட்டால் குறையும்.

வலிப்பு உள்ளவர்கள் வேண்டாம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், தோளில் பழைய சவ்வுக் கிழிசல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் இறங்கவே கூடாது. சிப்பியோ பாறையோ கீறினது உணர்வில்லாத பாதத்துக்குத் தெரியாது, உப்புத் தண்ணீரில் ஊறிப் புண்ணாகும். கெட்டி அடியுள்ள நீர்க்காலணி போடுங்கள், கரையேறியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், இன்சுலின் போடுகிறவர்கள் இடுப்புப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் நிற்கும்போது வியர்ப்பது தெரியாது. மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை விட உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம் இந்த வெயிலுக்குப் பொருத்தம். முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியிலும் சுடும்.

இறங்கும் முன் கரையில் வலை தைக்கிறவரிடம் "அண்ணே, இன்னிக்கு வலை எங்க கிடக்கு?" என்று கேட்டுவிடுங்கள். மிதக்கும் தெர்மாக்கோல் துண்டு, பிளாஸ்டிக் கேன், கொடி கட்டிய மூங்கில் எல்லாம் அடியில் வலை இருப்பதன் அடையாளம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் இரண்டு கயிறுக்கும் நடுவே போகக் கூடாது. அது அவர்கள் பிழைப்பு, உங்களுக்கோ ஒரு மணி நேரப் பொழுது. திருக்கை மணலில் புதைந்து கிடக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள்; கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை அட்டையால் நீக்குங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்க வேண்டாம். பவளத்தின் மேல் ஏறி நிற்பதும் கடல் அட்டையைக் கையில் தூக்கிப் படமெடுப்பதும் வேண்டாம். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டவை.

கரையேறிய போர்டை வெயிலில் போட்டால் உள்ளே காற்று சூடாகி அழுத்தம் ஏறும், ஒட்டு விடும். நிழல் இல்லையென்றால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்கிவிடுங்கள். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். ஆனால் இங்கே பல ஊரில் போர் தண்ணீரே உப்பு, காவிரித் தண்ணீர் குடத்துக்குக் காத்திருந்து பிடிப்பது. போர்டு முழுவதையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. ஒரு குடம் போதும், வரிசைதான் முக்கியம்: முதலில் துடுப்பின் இணைப்புக் கவ்விகள், உப்பு காய்ந்தால் அவைதான் இறுகிப்போய்க் கழற்ற வராது. அடுத்து ஃபின் பொருத்தும் பள்ளமும் திருகும். பிறகு வால்வு மூடியைத் திறக்காமலே சுற்றிலும். மிச்சத்தை லீஷின் வெல்க்ரோவில் ஊற்றுங்கள். போர்டின் மேல்பாகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நிழலில் நன்றாகக் காயவைத்து, தளர்வாகச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். மூடிய கார் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தாலே பசை இளகும், அடுத்த முறை விளிம்பில் குமிழ் எழும்பும்.